கிணற்றுக்குள் இறங்கிய மோட்டார்

விமான விபத்து அறிக்கைகளை வாசிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். சிறுகதைகளும் நாவல்களும் வாசிக்கிற ஒருவனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சிறு விமானங்களைப் பற்றி வெளியிடும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். அவற்றில் உணர்ச்சி கிடையாது, உரிச்சொல் கிடையாது. ஒரு மனிதர் காலையில் கிளம்பினார், மதியம் இன்ன இடத்தில் இறங்கினார், பிறகு இன்னது நடந்தது. அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அவற்றில் ஒரு வகை அறிக்கை என்னை எப்போதும் நிறுத்திவிடும். புறப்பட்ட சிறிது நேரத்தில் எஞ்சின் வலுவிழந்தது. விமானி எதிரே தெரிந்த வயலிலோ சாலையிலோ இறக்கினார். தொட்டியில் எரிபொருள் இருந்தது. குழாய்களில் அழுக்கில்லை, நீரில்லை. பிற்பாடு அதே எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது குறையின்றி ஓடியது. வலுவிழந்த காரணத்தைக் கண்டறிய இயலவில்லை.

இத்தகைய அறிக்கைகள் அனைத்துக்கும் ஒரே விளக்கம் இருக்க முடியாது. கார்புரேட்டருக்குள் உறைகிற பனியும் இப்படித்தான், ஆய்வாளர் வந்து சேர்வதற்குள் உருகிப் போய்விடும். ஆனால் நாள் வெக்கையானதாகவும், விமானம் அப்போதுதான் ஓரிடத்தில் இறங்கி அரைமணி நேரம் நின்று மீண்டும் கிளம்பியதாகவும் இருந்தால் எனக்கு வேறொரு சந்தேகம் எழும். ஆங்கிலத்தில் அதை வேப்பர் லாக் என்கிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகளும் அப்படியேதான் சொல்வார்கள். இக்கட்டுரையில் நான் ஆவியடைப்பு என்று வைத்துக்கொள்கிறேன். எரிபொருள் எஞ்சினைச் சென்றடைவதற்கு முன்பே, குழாய்க்குள்ளேயே, கொதித்து ஆவியாகிவிடுவது. பெட்ரோலைத் தள்ளுவதற்கென்று செய்யப்பட்ட பம்பு ஆவியைத் தள்ளத் தெரியாமல் அதையே அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். எஞ்சின் பட்டினியில் நின்றுபோகும். பிறகு எல்லாம் குளிரும். ஆவி மறுபடி திரவமாகும். சாட்சி இல்லாத குற்றம் என்றால் இதுதான்.

நாற்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு இதன் தரைவடிவம் நினைவிருக்கக்கூடும். கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ ஏறும் வழியில், ஏதேனும் ஒரு கொண்டையூசி வளைவுக்கு அருகே, பானெட்டைத் திறந்துபோட்டபடி ஓர் அம்பாசடர் நிற்கும். டிரைவர் ஓடையிலிருந்து நனைத்து வந்த துணியைப் பெட்ரோல் பம்பின் மீது போர்த்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொள்வார் (சற்றுத் தள்ளி நின்றுதான் என்று நம்புவோம்). கால்மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அந்த ஈரத்துணி மிகச் சரியான பொறியியல். ஆனால் 500 அடி உயரத்தில் எஞ்சின் நின்றவனுக்கு ஓடையும் இல்லை, துணியும் இல்லை, கால்மணி நேரமும் இல்லை. ஆகவே விமானத்தில் இந்த நோய்க்கு மருத்துவம் என்று அநேகமாக எதுவுமில்லை. வருமுன் காத்தல் மட்டுமே உண்டு.

*

பெட்ரோல் ஒற்றைத் திரவமல்ல. பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கூட்டம் அது. அவற்றில் இலேசானவை 35, 40 டிகிரி செல்சியஸிலேயே வெளியேறத் துடிப்பவை. கனமானவை 200 டிகிரி வரையிலும் பொறுத்திருப்பவை. இலேசானவற்றை நீக்கிவிடலாமே என்றால், குளிர்ந்த காலையில் எஞ்சினில் முதல் பொறி பற்றுவது அவற்றால்தான். குளிருக்கு உதவுகிற அதே குணம் கோடையில் காலை வாரிவிடுகிறது.

ஒரு திரவம் எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்பதை ஆவியழுத்தம் என்ற அளவால் குறிக்கிறார்கள். விமானப் பெட்ரோலுக்கு இது 37.8 டிகிரி செல்சியஸில் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பது தரவிதி. சுற்றியுள்ள அழுத்தம் இந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் திரவம் கொதிக்கத் தொடங்கிவிடும். கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல். 18,000 அடியில் அதில் பாதி. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடுவதும், லேயில் அரிசி வேகத் தாமதமாவதும் இதே காரணத்தால்தான். வெயிலில் நின்று 38 டிகிரிக்குச் சூடேறிய விமானப் பெட்ரோலைச் சட்டென்று மேலே கொண்டுபோனால், ஏறத்தாழ 19,000 அடியிலிருந்து 25,000 அடிக்குள் அது தொட்டியிலேயே கொதிக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எஞ்சினின் சூடு இதில் சேரவே இல்லை. சூடு 20 டிகிரிக்குச் சற்று மேல் கூடினால் ஆவியழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எஞ்சினை ஒட்டிய ஒரு குழாய் 60 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமே அல்ல. அங்கே தரையிலேயே கொதிநிலையை நெருங்கிவிடும்.

சூடு, உயரம் ஆகிய இரண்டையும் எல்லோரும் அறிவார்கள். பலரும் மறப்பது மூன்றாவதை. அது உறிஞ்சுதல்.

உண்மையில் உறிஞ்சுதல் என்று ஒரு விசை இயற்கையில் கிடையாது. 1638-இல் வெளிவந்த நூலொன்றில் கலிலியோ ஒரு விந்தையைப் பதிவு செய்திருக்கிறார். உறிஞ்சு பம்பால் பதினெட்டு முழத்துக்கு மேல் தண்ணீரைத் தூக்க முடிவதில்லை. நீர்த்தூண் தன் எடையைத் தானே தாங்காமல், நீளமான கயிறு அறுவதுபோல் அறுந்துவிடுகிறது என்று அவர் எண்ணினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு சரியான விடையைக் கண்டார். பம்பு எதையும் இழுப்பதில்லை. அது தன்னிடத்தில் அழுத்தத்தைக் குறைத்துவைக்கிறது, அவ்வளவே. வெளியிலுள்ள காற்றுதான் தண்ணீரைக் கீழிருந்து தள்ளி அனுப்புகிறது. காற்றால் தள்ள முடிகிற உயரம் பத்து மீட்டரைச் சற்றே தாண்டும், அதற்குமேல் இல்லை.

பெட்ரோல் விஷயத்தில் இதன் பொருள் விபரீதமானது. பம்பை எஞ்சின் பக்கத்தில் வைத்து, தொலைவிலும் தாழ்விலும் உள்ள தொட்டியிலிருந்து அதை இழுக்கச் சொன்னால், பம்புக்கு முன்னாலுள்ள குழாய் முழுவதும் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு முழங்கை வளைவும் ஒவ்வொரு வடிகட்டியும் அதை இன்னும் குறைக்கின்றன. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். அதாவது இழுக்க இழுக்கக் கொதிக்கும். கொதித்து எஞ்சின் தடுமாறும்போது இன்னும் பலமாக இழுத்தால் இன்னும் அதிகமாகக் கொதிக்கும்.

இரண்டாம் உலகப் போரின் விமானங்கள் உயரங்களை எட்டிப்பிடித்தபோது பொறியாளர்கள் இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் பிற்கால வடிவங்களுக்கான விமானிக் கையேடுகளில் ஒரு குறிப்பு உண்டு. வெப்ப நாட்களில் மிக உயரத்தில் எரிபொருள் கொதித்து எஞ்சின் நின்றுபோகக்கூடும் என்பதால் தொட்டிக்குள் காற்றழுத்தத்தைச் செலுத்த ஒரு திருகி வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் அழுத்தம் குறைவதைக் காட்டும் விளக்கு எரிந்தால் அதைத் திறக்கலாம். ஆனால் எப்போதும் திறந்தே வைக்கக் கூடாது. குண்டு துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் உறை போட்ட தொட்டிகள் அவை. உள்ளே அழுத்தம் இருந்தால் அந்த உறை சரியாக மூடாது. எதிரியின் குண்டிலிருந்து காப்பதையும் எரிபொருளின் கொதிப்பிலிருந்து காப்பதையும் ஒரே நேரத்தில் முழுமையாகச் செய்ய முடியாது. இருபது வயதுப் பையன் ஒருவன் முகமூடிக்குள் மூச்சுவிட்டபடி இரண்டில் எது அருகில் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. போர் இலக்கியத்தில் நான் வாசித்த பல பக்கங்களைவிட அந்தக் கையேட்டுக் குறிப்பு என்னை அதிகம் தொந்தரவு செய்திருக்கிறது.

நிலையான தீர்வு வேறு வழியில் வந்தது. பம்பையே தொட்டிக்குள் கொண்டுபோய் மூழ்கவைத்துவிடுவது. அங்கே அது இழுக்க வேண்டியதில்லை. சூழ்ந்து நிற்கும் திரவத்தைப் பின்னாலிருந்து தள்ளினால் போதும். குழாய் நெடுகிலும் அழுத்தம் இருக்கும். கொதிக்க இடமில்லை. இன்றைய பயணிகள் விமானங்களின் தொட்டிகளில் இருப்பவை இத்தகைய பம்புகள்தாம். அவை அனைத்தும் செயலிழந்தாலும் எஞ்சின் தானே உறிஞ்சிக்கொள்ள வழியுண்டு. ஆனால் மிக உயரத்தில் அதை முழுக்க நம்ப முடியாது. 1980-களுக்குப் பிறகு எரிபொருளைப் பீய்ச்சும் முறை பரவியபோது கார்களிலும் பம்பு தொட்டிக்குள் குடிபோயிற்று. மலைப்பாதையில் ஈரத்துணி போர்த்திய வண்டிகள் காணாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம்.

*

நான் வசிப்பது அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில். 1990 ஜூன் 26 அன்று இங்கே வெப்பம் 122 பாரன்ஹீட்டைத் தொட்டது, ஏறத்தாழ 50 செல்சியஸ். அன்று பெரிய விமான நிலையத்தில் பல விமானங்கள் நின்றுபோயின, அந்த வெப்பத்துக்கான கணக்கு அவற்றின் அட்டவணைகளில் இல்லாததால். 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் காய்ந்தது. இந்த 110 என்ற எண் எனக்கு முக்கியமானது. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில், வெப்பகால எரிபொருள் சோதனைக்குத் தொட்டியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பம் அதுதான். 43 செல்சியஸ். அந்தச் சூட்டில் எரிபொருளை நிரப்பி, ஆவியடைப்பின் அறிகுறியே இல்லாமல் மேலேறிக் காட்ட வேண்டும். எங்கள் ஊரில் அதற்காகப் பெட்ரோலைச் சூடாக்க வேண்டியதில்லை, நிறுத்திவைத்தால் போதும்.

இங்கே எனக்கொரு நண்பர் உண்டு. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கோவைக்காரர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஏழு ஆண்டுகளாக வார இறுதிகளில் அவர் ஒரு விமானம் கட்டிவந்தார். தாழ்ந்த இறக்கை, இரண்டு இருக்கைகள், 150 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் விமானம் கட்டிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. வேலையில் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். எந்தப் பம்பு, எந்தக் குழாய், எந்த வழி என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் முடிவே. எனக்கு விமானி உரிமம் உண்டு என்பதால் ஆணி முறுக்குவதற்கும் பேச்சுத்துணைக்கும் நான் போவது வழக்கம்.

2023 மே மாதம் அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எழுபத்தெட்டு வயது. செப்டம்பரில் திரும்பிப் போகப் பயணச்சீட்டு. அதற்குள் விமானத்தைப் பறக்கவிட்டு அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று நண்பர் நாள் குறித்துவிட்டார். இனி தன்னால் இவ்வளவு தூரம் வர முடியாது என்று அம்மா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த நாள் அவருக்கு வெறும் நாளல்ல.

எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தபோது எனக்கு உறுத்தியவை மூன்று. மின்பம்பை அவர் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், அதாவது எஞ்சின் அறைக்குள் வைத்திருந்தார். உள்ளே வைத்தால் காலுக்கு இடைஞ்சல், சத்தமும் கேட்கும் என்பது அவர் வாதம். தொட்டிகள் இறக்கையில், பம்பைவிட இரண்டடி தாழ்வில். இடையே வடிகட்டி ஒன்று, செங்குத்து வளைவுகள் இரண்டு, புகைபோக்கிக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் செல்லும் பாதை. மூன்றாவதாக, அவர் நிரப்பப்போவது விமானப் பெட்ரோல் அல்ல, கடைவீதியில் கார்களுக்கு விற்கும் பெட்ரோல். விலையும் குறைவு, ஈயமும் இல்லை.

கார்ப் பெட்ரோலில் பறப்பது தவறென்று நான் சொல்லவில்லை. 1982-லேயே சோதனை விமானச் சங்கம் செஸ்னா 150-க்கு அதற்கான அனுமதியைப் பெற்றுவிட்டது. குறைந்த அழுத்த விகிதம் கொண்ட எஞ்சின்கள் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த அனுமதிகள் எத்தனால் கலந்த பெட்ரோலை ஏற்பதில்லை. இங்கே பெரும்பாலான நிலையங்களில் கிடைப்பது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் தனியாக இருக்கையில் சாது. பெட்ரோலோடு சிறிதளவு சேர்ந்தால் கலவையின் ஆவியழுத்தத்தை உயர்த்திவிடும். தவிர, கார்ப் பெட்ரோலைப் பருவத்துக்கேற்ப மாற்றிக் கலக்கிறார்கள். கடுங்குளிர்ப் பிரதேசங்களின் குளிர்காலக் கலவையில் ஆவியழுத்தம் 100 கிலோபாஸ்கலைத் தொடுவதுண்டு. 38 டிகிரிச் சூட்டில் அது கடல்மட்டத்திலேயே கொதிக்கும். பிப்ரவரியில் வாங்கி வைத்த கேனை ஏப்ரல் மாதத்து முதல் வெக்கை நாளில் தொட்டியில் ஊற்றுவது, இந்த நோயை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம்.

நண்பர் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, ஜனவரியில நீங்களும்தானுங்க கூட இருந்தீங்க. நிமிசத்துக்கு ஒண்ணேகால் லிட்டர் வந்துச்சு. ஒரு லிட்டர் வந்தாப் போதும்னு கணக்கு. இன்னும் என்னங்க டெஸ்ட்டு?" என்றார்.

கணக்கு சரிதான். பம்பு வைத்த விமானத்தில், எஞ்சின் முழுவலுவில் குடிப்பதைவிடக் கால்பங்கு அதிகமாக எரிபொருள் வந்தாக வேண்டும் என்பது நடைமுறை விதி. அவர் எஞ்சினுக்கு அது நிமிடத்துக்கு ஒரு லிட்டர். விமானத்தின் மூக்கை ஏறுகோணத்துக்கு உயர்த்திவைத்து, குழாயைக் கழற்றி ஒரு கலத்தில் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து அளந்தோம். ஆனால் அது ஜனவரி மாதத்துக் காலை, எஞ்சின் ஓடியிராத குளிர்ந்த அறை. ஆவியடைப்பு அந்த நேரத்தில் வீட்டில் இராது.

அன்று கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தார். "நீங்க சொன்னாத்தானுங்க கேப்பாரு. நாஞ் சொன்னா, பயந்துக்கறேன்னு சொல்லிருவாரு" என்றார். அதைவிடக் குறைந்த சொற்களில் ஒரு பொறுப்பை யாரும் என் தலையில் வைத்ததில்லை. நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பறப்பதற்கு முன் ஒரு மாலை நான்கு மணிக்கு, வெயிலில் நிறுத்திவைத்த விமானத்தில், சூடான எஞ்சினோடு, தரையிலேயே ஒரு சோதனை. அம்மாவுக்குக் காட்டுவதற்கு முன் நாம் பார்த்துவிடுவோம் அண்ணா என்றேன். சம்மதித்தார்.

*

ஜூன் கடைசி வாரம். தொட்டியில் பெட்ரோல் 44 டிகிரி காட்டியது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வாலைத் தரையிலிருந்த கொக்கியோடு பிணைத்து, தீயணைப்பான்கள் இரண்டைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்தோம். நண்பர் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினார். பிறகு நிறுத்திவிட்டு இருபது நிமிடம் சும்மா இருந்தோம். இந்த இருபது நிமிடம்தான் ஆபத்தானது. ஓடும்போது எஞ்சின் அறைக்குள் காற்று பாய்ந்துகொண்டிருக்கும். நின்றவுடன் காற்று நின்றுவிடும், இரும்பில் தேங்கிய சூடு மட்டும் வெளியேறத் தொடங்கும். எஞ்சின் நின்ற பிறகுதான் குழாய்களும் பம்பும் உண்மையில் வேகும். எரிபொருள் நிரப்பிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வருகிற விமானி இந்த நேரத்தில்தான் மீண்டும் ஏறி உட்காருகிறார்.

பம்பை இயக்கியதுமே சத்தம் மாறியிருந்தது. திரவத்தைத் தள்ளும்போது இவ்வகை மின்பம்பு டொக், டொக் என்று நிதானமாகத் துடிக்கும். இப்போது வறண்ட படபடப்பு, வேகமாக, எடையே இல்லாமல். சற்று நேரத்தில் அது அடங்கி அழுத்தமானி ஏறியது, எஞ்சினும் கிளம்பியது. "பாத்தீங்களா தம்பி" என்று சைகை காட்டினார். முழுவலுவுக்குக் கொண்டுபோனார். ஊசி நின்றது. பிறகு நடுங்கியது. பிறகு மெல்லக் கீழே வந்தது. படபடப்பு திரும்பியது. எஞ்சின் இருமுறை இருமியது. நாற்பதாவது விநாடியில் நின்றுவிட்டது.

ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து நாற்பது விநாடி என்பது எந்த இடம் என்று இருவருக்கும் தெரியும். சக்கரம் தரையைவிட்டு, ஓடுபாதை முடிந்து, 400, 500 அடி உயரத்தில், வீடுகளுக்கு மேல். திரும்பி வர உயரம் போதாது, நேரே இறக்க இடம் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, மூடியைத் திறந்து குளிரவைத்தபின் மறுபடி ஓட்டினோம். ஒரு குறையும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வருகிற எந்த ஆய்வாளருக்கும் அங்கே எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

நண்பர் நெடுநேரம் இறக்கையில் சாய்ந்து நின்றார். அவருக்கு விளக்கம் சொல்லலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார். ஊரில் அவர்களுக்குத் தோட்டமும் கிணறும் இருந்தன. எண்பதுகளில் தண்ணீர் கீழே போகப்போக, மேட்டில் இருந்த மோட்டார் தண்ணீர் எடுக்காமல் வெறுமனே சுற்றும். அப்பா இன்னும் பெரிய மோட்டாராக வாங்கிப் பார்த்தார். பலனில்லை. கடைசியில் கிணற்றுக்குள் பாறையில் ஒரு திட்டு வெட்டி, கப்பியும் வடமும் கட்டி, மோட்டாரையே கீழே இறக்கினார்கள். அந்த வடத்தைப் பிடித்தவர்களில் பள்ளிக்கூடப் பையனாக இவரும் ஒருவர். பிறகு தோட்டத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு வந்தபோது நீர்மூழ்கி மோட்டார் வந்தது. ஊரே பம்பு செய்கிற ஊர். "தண்ணி மோட்டாருகிட்ட வராதுங்க, மோட்டாருதான் தண்ணிகிட்ட போகோணும். இதத்தான் அப்பா சொல்லுவாரு" என்றார். பிறகு வேறெதுவும் சொல்லவில்லை. கருவிப்பெட்டியைத் திறந்து பம்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

*

அடுத்த வாரங்களில் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டிக்குள் பம்பை வைக்க அந்த இறக்கையில் இடமில்லை. ஆகவே தீத்தடுப்புச் சுவருக்குப் பின்னால், விமானியின் தளத்துக்கடியில், தொட்டிகளின் மட்டத்துக்கு எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைத்தார். தொட்டியிலிருந்து பம்பு வரையிலான வழியைக் குட்டையாக்கி, செங்குத்து வளைவுகளை எடுத்துவிட்டுக் குழாயையே மென்மையாக வளைத்தார். வடிகட்டியைப் பரப்பு அதிகமுள்ளதாக மாற்றினார். எஞ்சின் அறைக்குள் போயே தீரவேண்டிய பகுதியைப் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, தீத்தாங்கும் உறை போட்டார். உறை சூட்டைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது என்பதால், எஞ்சினோடு சுழலும் இன்னொரு பம்புக்குத் தகரத்தில் ஒரு கவசம் செய்து, முன்பக்கத்திலிருந்து குளிர்காற்று வரும் சிறு குழாயை அதன்மேல் திருப்பிவிட்டார். ஆவியைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் குழாய் ஒன்றும் சேர்த்தார். கார்ப் பெட்ரோலைக் கைவிட்டு விமானப் பெட்ரோலுக்கு மாறினார். ஈயம் கலந்த அந்தப் பெட்ரோலை 2030-க்குள் நிறுத்திவிடுவது என்று அமெரிக்காவில் இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மாற்றாக வருபவையும் ஆவியழுத்தம் என்ற இதே வாசலைக் கடந்துதான் வர வேண்டும்.

பொருட்களுக்கு அடுத்தபடியாகப் பழக்கங்கள். வெக்கை நாளில் இறங்கினால் விமானத்தின் மூக்கைக் காற்றின் திசைக்குத் திருப்பி நிறுத்துவது. எஞ்சின் மூடியில் எண்ணெய் பார்க்கும் சிறு கதவைத் திறந்துவைத்து உள்சூட்டை வெளியேற்றுவது. சூடான எஞ்சினோடு தரையில் வெகுநேரம் மெதுவாக ஓட்டிக்கொண்டிராமல் இருப்பது. புறப்படும்போதும் இறங்கும்போதும் மின்பம்பு ஓடுவது. ஏறும்போது மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, வேகத்தைக் கூட்டி, எஞ்சினுக்குக் காற்று கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படும் முன் முழுவலுவில் ஒரு நிமிடம் அழுத்தமானியைப் பார்ப்பது. ஊசி நடுங்கினால் அன்றைக்குக் கிளம்புவதில்லை.

ஜூலையில் 46 டிகிரியில் அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். ஐந்து நிமிடம் முழுவலுவில் ஓடியது. ஊசி அசையவில்லை.

ஆனால் மாற்றிய வேலைகளுக்கு மறுபடி ஆய்வாளர் வரவேண்டியிருந்தது. அவர் வந்து கையெழுத்திட்டபோது ஆகஸ்ட் முடிந்துவிட்டது. அந்த வெக்கையில் முதல் பறப்பை வைத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் மனமில்லை. செப்டம்பரில் அம்மா ஊருக்குத் திரும்பினார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துவந்து விமானத்துக்குள் உட்காரவைத்தார் நண்பர். அம்மா கண்ணாடி மூடியைத் தடவிப் பார்த்தார்கள், இருக்கை மெத்தையாக இருப்பதாகச் சொன்னார்கள். எப்போது பறக்கும் என்று கேட்கவில்லை. அது நண்பரைக் கேட்டதைவிட அதிகமாக வருத்தியது என்று எனக்குத் தெரியும். ஒரு நல்ல முடிவுக்கு இப்படியும் விலை உண்டு. அந்த விலை வீணாகவில்லை என்பதற்கு ஆதாரம் காட்டவும் முடியாது. நடக்காத விபத்துக்கு அறிக்கை எழுதுவதில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த விமானம் பறந்தது. பதினாறு டிகிரி, காற்றில்லை. நண்பர் தனியாகத்தான் ஏறினார், முதல் பறப்புகளில் பயணிகளை ஏற்றிக்கொள்ள விதி அனுமதிப்பதில்லை. நான் ஓடுபாதையின் ஓரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது விநாடி ஆனபோது அவர் வீடுகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் மாற்றமில்லை. பக்கத்தில் அண்ணி கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கே இரவு நேரம். வெளிச்சத்தில் ஒரு புள்ளி நகர்வதைத் தவிர அம்மாவுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கியில் அவர்கள் குரல் மட்டும் கேட்டது. "எறங்கீட்டானா? எறங்குனதுக்கப்புறம் சொல்லு."